ராணி மறந்த வசனம்

நான்காம் நாள் முற்பகலில் ராணி வசனத்தை மறந்துவிட்டாள்.

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நாடக மேடையிலிருந்து நேராகக் கேமரா முன்னால் வந்து நின்ற நடிகர்கள் அவர்கள். வசனம் மறந்து விழிப்பதை முதல் மூன்று சுருள்களிலேயே சிட்டு பார்த்திருந்தாள். தளபதி ஓரிடத்தில் தாடியைத் தடவிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். சோதிடர் வாய்க்கு வந்ததை உளறிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். பேசாப் படம்தானே, யார் காதில் விழப்போகிறது என்ற தைரியம். ஆனால் ராணி உளறவில்லை, தடுமாறவுமில்லை. வாயை மூடிக்கொண்டு, கண்களை நேராகக் கேமராவின் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். சிட்டு சுருள் பார்க்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினாள். படம் நகர்ந்தது. ராணிக்குப் பின்னால் விளக்குச் சுடர் ஆடியது, தோழி ஒருத்தி விசிறியை அசைத்தாள், ராணி மட்டும் அப்படியே நின்றாள். ஒரு நிமிடம் சுற்றியும் அதே பார்வைதான்.

"அடுத்து என்னக்கா?" என்றாள் சிட்டு.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாடகப் புத்தகத்தில் பென்சிலை ஓட்டி, அந்த வரியை வாயசைத்துக் காட்டினாள். சிட்டு அதைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "இன்றிரவும் மதில் சரிந்தால் நாளை இந்த அரியணை மிஞ்சாது."

ராணி உடனே வாய் திறந்தாள். அதே வரியைச் சொன்னாள்.

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எடுத்துக் கொடுத்தப்புறம்தான் சொல்றா பாரு!"

"பாவம், எத்தனை வருஷமா வாயத் தொறக்காம நின்னாளோ" என்று அக்கா அந்த வரிக்கு நேரே ஒரு டிக் போட்டாள். தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள் அல்லவா, பென்சில் டிக்கூட மறுபக்கம் தடம் பதிக்கும்.

சிட்டுவுக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது. காது போனால் பேச்சும் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவைக்க, அதெப்படிப் போகும், பார்த்துவிடலாம் என்று அக்கா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தினமும் மாலையில் அவளே வாயசைத்துக் காட்டுவாள், சிட்டு அதைப் படித்து உரக்கச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடியும், மறுபடியும். அப்படியே உதட்டைப் படிப்பது கைவந்த கலையானது. கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. யார் உதட்டைப் படித்தாலும் படித்ததைச் சிட்டுவின் வாய் தானாகச் சொல்லிவிடும். பேருந்தில் எதிரே இருக்கிற புருஷன் பெண்டாட்டி சண்டையை இவள் அறிவிப்பு மாதிரி சொல்லித் தொலைத்து, அக்கா வாயைப் பொத்தி இழுத்துப் போன கதையெல்லாம் உண்டு.

அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று சிட்டுவுக்குத் தெரியாது. "லேசா மூக்கால பேசுவ, முடிக்கும்போது ஒரு தூக்கு தூக்குவ. உலகத்துல இந்தக் குரல் ஒண்ணே ஒண்ணுதான். இருட்டுல ஆயிரம் பேர் கத்தினாலும் கண்டுபிடிச்சிடுவேன்" என்பாள் அக்கா.

திரைப்படக் காப்பகத்துக்காரர்களுக்கு வேண்டியிருந்ததும் இந்தக் கலைதான். தொலைந்தே போனது என்று எல்லோரும் கைகழுவிவிட்ட பழைய சரித்திரப் படம் ஒன்று, மூடிக்கிடந்த ஒரு கொட்டகையின் பரணிலிருந்து ஆறு தகர டப்பாக்களாகக் கிடைத்திருந்தது. படத்துக்கு மூலமான நாடகம் அச்சில் இருந்தது. ஆனால் படத்துக்கு நடுவே வசனத்தைக் காட்ட வரவேண்டிய எழுத்து அட்டைகள் ஒன்றுகூட இல்லை. எந்த இடத்தில் எந்த வரி என்று நடிகர்களின் உதட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சிட்டு படித்துச் சொல்வாள், அக்கா காதால் கேட்டுப் புத்தகத்தில் டிக் போடுவாள். அக்கா கூட வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள் கற்பூரம் மாதிரி பற்றிக்கொள்ளும், அபாய மணி அடித்தால் சிட்டுவுக்குக் கேட்காது. காது கேட்கிற ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்று காப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தாழ்வாரத்தின் கடைசியில், ஜன்னலே இல்லாத அறை. பகல் பதினொரு மணிக்கும் ராத்திரி மாதிரி இருக்கும். மேஜை மேல் இரண்டு தட்டுகள். இடப்பக்கத் தட்டிலிருந்து வலப்பக்கத் தட்டுக்குப் படச்சுருள் ஓடும், நடுவில் உள்ளங்கை அளவு ஒரு கண்ணாடி, அதன் கீழே பல்பு. கைப்பிடியைச் சுற்றினால் படம் நகரும். நிறுத்தினால் பல்பின் சூட்டில் பொசுங்கும். பத்து எண்ணுவதற்குள் நகர்த்திவிட வேண்டும். அறை முழுக்கத் துவைக்காத சாக்ஸ் நாற்றம். பழைய படச்சுருள் இற்றுப்போகும்போது அப்படித்தான் நாறும் என்றார் காப்பாளர். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருந்தது, அதன் வழியே எதிரில் சுருள்களைப் பத்திரப்படுத்தும் குளிர் அறையின் இரும்புக் கதவு தெரியும்.

கதை என்னவென்றால், முற்றுகையில் சிக்கிய கோட்டை. மதில் ஒவ்வொரு இரவும் சரிகிறது. ராணியின் ரத்த உறவில் ஒருத்தியை உயிரோடு உள்ளே வைத்துக் கட்டினால் நிற்கும் என்று சோதிடர் சொல்கிறார். ராணிக்கு இருப்பதோ ஒரே தமக்கை, தாயாக நின்று வளர்த்தவள்.

"அக்காவச் செவுத்துக்குள்ள வெச்சுப் பூசறதுக்கு அஞ்சு அங்கம் பேசியிருக்காங்க" என்று அக்கா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "நீயா இருந்தா ரெண்டே வார்த்தைல முடிச்சிருப்ப."

ஐந்தாம் நாள் சிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அக்காவின் பென்சில் ஒரு வரி முன்னால் இருந்தது.

"அதை நான் இன்னும் சொல்லலையே."

"சொன்னியேடி. 'தமக்கைக்கு ஓலை அனுப்புங்கள்'னு. கணீர்னு சொன்ன."

சிட்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். ராணி அப்போதுதான் கையை உயர்த்தி அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னை அறியாமல் வாய் முந்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். காது கேட்காதவளுக்குத் தான் பேசினேனா இல்லையா என்பதற்கு வேறு சாட்சி ஏது? அடுத்தவர் சொன்னால்தான் உண்டு. அந்த நினைப்பே நெஞ்சில் சின்ன முள்ளாகத் தைத்தது.

மறுநாள் மதியம், அக்கா கை கழுவப் போனவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"என்ன, என்ன ஆச்சு? எதுக்கு அப்படிக் கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலையே."

"அக்கா, அக்கான்னு ரெண்டு தடவ. குளிர் ரூம் பக்கத்துலேர்ந்து கேட்டுது. நீ அங்க போனியோன்னு நினைச்சேன்."

சிட்டு சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாள். வாயில் பாதி மென்ற சோறு இருந்தது. வாய் நிறையச் சோற்றோடு யாரால் கணீரென்று கூப்பிட முடியும்? ஆனால் அதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

அன்று இரவு வீட்டில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்று சுருள்கள், நான்கு, ஐந்து. ராணியின் வரிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் நாமே உரக்கச் சொல்லியிருக்கிறோம். கோபமாகச் சொல்லவேண்டியதைக் கோபமாக, கெஞ்சவேண்டியதைக் கெஞ்சலாக. இத்தனை காலம் ஊமையாகக் கிடந்தவளுக்கு வரி வரியாக யார் குரல் கொடுத்தது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு போர்வையை இழுத்து மூடினாள். பக்கத்துக் கட்டிலில் அக்கா தூக்கத்திலேயே "ம்... வரேன்" என்று உதட்டை அசைத்தது தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

ஏழாம் நாள் காப்பாளர் ஆறாவது டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். மற்ற ஐந்தையும் போல இதுவும் துருப்பிடித்துத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த சுருளில் ஒரு கீறல் இல்லை, தூசி இல்லை, அந்த நாற்றமும் இல்லை.

"எனக்கே ஆச்சரியம்தான் மேடம். நேத்துதான் ஆட்டிப் பார்த்தேன், காலி டப்பான்னு எழுதிக்கூட வெச்சுட்டேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

சிட்டு சுருளை மாட்டினாள். இன்று ஒன்றைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். பல்லைக் கடித்து வாயை இறுக மூடினாள். இடது உள்ளங்கையைத் தொண்டையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பேசினால் அங்கே அதிரும். அது பொய் சொல்லாது. வலது கையால் கைப்பிடியைச் சுற்றினாள்.

அரண்மனைக் கூடம். ராணி வந்தாள். இன்று எதையும் மறக்கவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கக் காத்திருக்கவில்லை. வாய் திறந்து பேசத் தொடங்கினாள்.

உள்ளங்கைக்குக் கீழே தொண்டை அசையவே இல்லை.

நிமிர்ந்தாள். அக்கா டிக் போட்டாள். அடுத்த வரிக்கு ஒரு டிக். அதற்கடுத்த வரிக்கும்.

"அக்கா. எதுக்கு டிக் போடற?"

"நீ சொல்ற வரிக்குத்தான். வேற எதுக்கு?"

"என்னப் பார்த்தியா? நான் வாயே தொறக்கல."

அக்கா விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கத்தான் தொடங்கினாள். சிட்டுவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. புத்தகத்தைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, தலையைச் சாய்த்தாள். சிட்டுவின் கை கைப்பிடியில் அசையாமல்தான் இருந்தது.

"இப்பவும் கேக்குதுடி" என்றாள். "உன் குரல்தான். நீதான். அந்த மெஷின்லேர்ந்து வருது."

பத்து எண்ணிவிட்டோமோ என்ற பதற்றத்தில் சிட்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"எந்திரி. போலாம்" என்று அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உன் உத்தியோகமும் வேணாம், இவங்க படமும் வேணாம்."

"சுருள இப்படி விட்டுட்டுப் போக முடியாதுக்கா. பத்திக்கும். நீ போய்க் காப்பாளரக் கூட்டிட்டு வா. அதுக்குள்ள நான் சுத்தி எடுத்துடறேன்."

அதுதான் அவள் செய்த தவறு. கட்டடமே எரிந்தால் எரிந்து போகட்டும் என்று அந்த நிமிடமே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஏழு நாட்களாகப் பத்து எண்ணும் விதியை மந்திரம் மாதிரி ஓதியவளுக்கு அது தோன்றவில்லை. அக்கா புத்தகத்தையும் பென்சிலையும் கையில் பிடித்தபடியே போனாள்.

சுருளில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. சிட்டு கண்ணாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே வேகமாகச் சுற்றினாள். சுவரில் ஈரத்தின் திட்டு. அதை வெறித்தாள். கைப்பிடி வழுக்கியது, உள்ளங்கை முழுக்க வியர்வை.

அப்போது மேஜை அதிர்ந்தது.

மோட்டார் அதிர்வு இல்லை. மோட்டாரே இல்லை. விரல் நுனியில் ஒரு தட்டு, பிறகு நீளமாக ஓர் அதிர்வு. மறுபடி ஒரு தட்டு, ஒரு நீளம். இந்த அதிர்வை அவளுக்குத் தெரியும். நாற்பது வருடமாகத் தன் தொண்டையில் கை வைத்துத் தெரிந்துகொண்டது.

அக்-கா.

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்துவிட்டாள்.

கூடம் இல்லை, தோழிகள் இல்லை. ராணி தனியாக நின்றாள். ஆள் நிற்க இடம் விட்டுத் திறந்துகிடந்த மதிலின் முன்னால். அவள் உதட்டில் இப்போது நாடக வசனம் இல்லை. 'தமக்கையே' என்ற விளி இல்லை, 'வாரும்' என்ற அழைப்பும் இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சு. ஏழு வயதில் உலகம் சட்டென்று ஊமையான ராத்திரியில் சிட்டு பேசிய பேச்சு.

"அக்கா, இங்க வா. பயமா இருக்குக்கா."

சிட்டு கதவுக் கண்ணாடியைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் அக்கா. காப்பாளர் அறைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டிருந்தாள். முகம் குளிர் அறைப் பக்கம் திரும்பியிருந்தது. உதடு அசைந்தது.

"வரேன்டி. எங்க இருக்க? லைட்டப் போடு."

"அக்கா, நில்லு!" என்று சிட்டு கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளங்கையில் அதிர்ந்தது. இது நான். இதுதான் நான்.

அக்காவுக்குக் கேட்டது. தலை திரும்பியது. ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம். உலகத்தில் ஒன்றே ஒன்று என்று அவள் சத்தியம் செய்த குரல் இரண்டு பக்கமிருந்தும் கூப்பிட்டது. ஒன்று நில்லு என்றது. மற்றது பயமாக இருக்கிறது என்றது.

பயந்த குரலின் பக்கம் போனாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

சிட்டு ஓடினாள். கதவு. தாழ்வாரம். இரும்புக் கதவு மூடியிருந்தது. இழுத்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. அடுக்கடுக்காகத் தகர டப்பாக்கள், நான்கு சுவர், இன்னொரு வாசல் கிடையாது. யாருமில்லை. தரையில் நாடகப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரிவரை டிக் போட்டிருந்தது. தாளின் மறுபக்கம் தடம் பதிகிற மாதிரி, அழுத்தி.

காப்பாளர் ஓடிவந்தார். "என்ன மேடம் ஆச்சு? இவ்ளோ நேரமா உங்க அக்காவக் கூப்பிட்டுட்டே இருந்தீங்களே. வரலையா அவங்க?"

சிட்டுவுக்கு வாய் திறக்கவே பயமாக இருந்தது. கையால் சைகை காட்டினாள்: இல்லை, காணோம். அவர் வாசல் பக்கம் பார்க்க ஓடினார்.

அவள் திரும்பி அந்த அறைக்கு வந்தாள். எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

யாரும் தொடாமலே கைப்பிடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் மதில். இடுப்பு உயரம் கட்டியாகிவிட்டது. உள்ளே அக்கா நின்றாள். தோளில் அதே பை, மூக்கில் அதே கண்ணாடி. இருட்டறைக்குள் தட்டுத்தடுமாறி வந்து நிற்பவள் மாதிரி கண்களை இடுக்கிக்கொண்டு இங்கும் அங்கும் பார்த்தாள். கொத்தனார் ஒருவன் குனிந்து கல்லை எடுத்து வைத்தான். அக்கா அவனைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

சிட்டு கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றினாள். கற்கள் இறங்கட்டும். பின்னோக்கிப் போகட்டும். கொத்தனார் குனிந்தான். இன்னொரு கல்லை எடுத்து வைத்தான்.

கையை எடுத்தாள். இந்த முறை கைப்பிடி தானாகச் சுற்றவில்லை, படம் நின்றது. கொத்தனாரின் கை அந்தரத்தில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணும்போது படத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி முளைத்தது. விரிந்தது. அக்காவின் தோள் வரை வந்தது. அக்கா முகத்தைச் சுளித்துத் தோளைத் தடவிக்கொண்டாள்.

பல்பை அணைத்தாள். வெளிச்சம் போகவில்லை. வயரைப் பிடுங்கினாள். போகவில்லை. புள்ளி விரிந்தது. கருகல் வாடை வந்தது.

வேறு வழியில்லை. பிடித்தாள் கைப்பிடியை. ஒரே ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினாள். புள்ளி நின்றது, கல் ஒன்று ஏறியது.

அக்கா இப்போது நேராக அவளைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்ட நிம்மதி முகத்தில் பரவியது. மார்பு வரை கல் நிற்பது தெரியாமல் அவள் உதடு அசைந்தது.

"வந்துட்டேன்டி. அழாத. எதுக்குக் கூப்பிட்ட?"

மதிலுக்கு வெளியே, பக்கத்திலேயே நின்ற ராணி வாய் திறந்து பதில் சொன்னாள். அக்கா கேட்டுத் தலையாட்டினாள்.

சிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு, எண்ணிக்கொண்டே, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கைப்பிடியைச் சுற்றினாள்.